லேசர் அடுக்குகளில் பர் புதிர்: குச்சியை எந்தப் பக்கமாக நறுக்குவது?

ஆறு குச்சிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எந்தப் பக்கம் இழுத்தாலும் பிரியாமல் நிற்கும் பர் புதிரைப் பலரும் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். மூன்று திசைக்கும் இரண்டிரண்டு குச்சிகள். நடுவில் அவை ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் எந்தக் குச்சிக்கு எவ்வளவு இடம் என்பதை உள்ளே மறைந்திருக்கும் வெட்டுகள் தீர்மானிக்கின்றன. மரக்கட்டையில் ரம்பமும் உளியும் வைத்துச் செய்வது இதன் பழைய வழி. மெல்லிய பலகையை லேசர் இயந்திரத்தில் வெட்டி, அடுக்கி, ஒட்டிச் செய்வது இப்போது பலருக்கும் எட்டும் வழி.

இந்த இரண்டாவது வழிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, பிளைவுட் வாங்கட்டுமா, அக்ரிலிக் வாங்கட்டுமா என்றுதான். அதை இரண்டாவதாகக் கேட்கலாம் என்பேன். குச்சியை எந்தப் பக்கமாக நறுக்கி அடுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், பலகையின் தடிமன், பசை, எத்தனை இறுக்கம் என்பதெல்லாம் அதிலிருந்தே பாதி தெளிந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு முடிவுக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

லேசர் எதற்கு?

ஒரு குச்சியை 2 அலகு அகலம், 2 அலகு உயரம், 6 அலகு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24 சிறு கனசதுரங்கள். இவற்றில் இரண்டு முனைகளும் அவற்றை ஒட்டிய அடிப்பகுதியும் எப்போதும் அப்படியே இருக்கும். மேல் வரிசையில் நடு நான்கு இடங்களில் எட்டு கனசதுரங்கள், கீழ் வரிசையில் நடு இரண்டு இடங்களில் நான்கு, ஆக 12 கனசதுரங்களைத்தான் எடுக்கவோ விடவோ முடியும். கணக்குப்படி 4,096 விதங்கள். தனித்தனியாக உடைந்துபோகிறவற்றையும், திருப்பிப் பிடித்தால் இன்னொரு துண்டோடு அச்சாக ஒத்துப்போகிறவற்றையும் கழித்தால் பயன்படக்கூடிய துண்டுகள் 837.

இந்த 837-இல் ரம்பத்தால் நேராகக் குறுக்கே அறுத்தே செய்துவிடக்கூடியவை 59 மட்டும். மற்றவற்றில் எங்காவது ஒரு மூலை அடைபட்டு உள்ளே ஒளிந்திருக்கும். ரம்பம் அங்கே போகாது. உளியால் தோண்ட வேண்டும், அல்லது சிறு கட்டைகளை ஒட்டிக் கட்டி எழுப்ப வேண்டும். இரண்டுமே பொறுமையும் கைப்பழக்கமும் கேட்கிற வேலை.

அடுக்கு முறையில் இந்தத் தடை இல்லை. ஒரு அடுக்கில் பள்ளம் இருக்கும், பக்கத்து அடுக்கில் இருக்காது; இரண்டையும் ஒட்டினால் அடைபட்ட மூலை தானாக வந்துவிடும். லேசருக்கு 59-உம் ஒன்றுதான், 837-உம் ஒன்றுதான். இதன் அருமை புதிர்களின் கணக்கைப் பார்த்தால் புரியும். அமெரிக்கப் புதிர் வடிவமைப்பாளர் பில் கட்லர் ஆறு துண்டுப் பர்களின் சேர்க்கைகள் அனைத்தையும் கணினியில் ஆராய்ந்து 1990-இல் முடித்தார். எண்ணிக்கை 3,565 கோடிக்கும் மேல். முதல் துண்டு வெளியே வருவதற்குள் எத்தனை நகர்வுகள் தேவை என்பதை அந்தப் புதிரின் நிலை என்பார்கள். ஒரே இழுப்பில் திறப்பது நிலை 1. ஆறு துண்டுப் பர்களின் உச்சம் நிலை 12. நிலை உயர்ந்த புதிர்கள் பலவற்றிலும் உள்மூலைத் துண்டுகள் இருக்கும். ரம்பத்தை மட்டும் நம்பினால் அந்தப் பக்கமே போக முடியாது.

ரம்பத்தால் செய்யக்கூடிய எளிய பர் ஒன்றுதான் வேண்டும் என்றால், நல்ல கடினமரக் கட்டையில் செய்வதே அழகு. லேசருக்குப் போக வேண்டியதே இல்லை. முப்பரிமாண அச்சிலும் உள்மூலை எளிதாக வரும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் பிடிக்கும். அச்சு வரிகள் சறுக்கும் பரப்பில் உரசும். கையில் எடுத்தால் கனமும் குறைவு.

மூன்று பக்கம், மூன்று விதம்

குச்சியை மேசைமேல் படுக்க வைத்து, அதன் பள்ளம் மேலே பார்த்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதை மூன்று விதமாக நறுக்கலாம். படுக்கைவாட்டில், அதாவது கீழ் அடுக்கு, அதன்மேல் இன்னொன்று என்று. குறுக்குவாட்டில், ரொட்டியை நறுக்குவது போல முனையிலிருந்து முனைக்கு. அப்புறம் பக்கவாட்டில், அதாவது இடமிருந்து வலமாக, ஒவ்வொரு அடுக்கும் குச்சியின் முழு நீளத்தையும் முழு உயரத்தையும் காட்டும்படி.

3 மி.மீ பலகையில் ஓர் அலகுக்கு மூன்று அடுக்கு என்று கணக்கு வைத்தால், ஓர் அலகு 9 மி.மீ, குச்சி 18 மி.மீ தடிமன், 54 மி.மீ நீளம். குறுக்குவாட்டில் நறுக்கினால் ஒரு குச்சிக்கு 18 அடுக்கு, ஆறு குச்சிக்கு 108. மற்ற இரண்டு விதத்திலும் ஒரு குச்சிக்கு 6, மொத்தம் 36 தான்.

எண்ணிக்கை அதிகம் என்பது குறுக்குவாட்டின் சிறிய குறை. பெரிய குறை பலம். பள்ளம் வெட்டிய குச்சிக்கு நடுவில் ஒரு மெல்லிய கழுத்து இருக்கும். சில துண்டுகளில் அது ஒரே கனசதுர அளவுக்கு ஒடுங்கும். குறுக்கே நறுக்கினால் அந்தக் கழுத்தைப் பிடித்திருப்பது பசை மட்டுமே. புதிரைத் தீர்க்க முயலும் கை நெம்பவும் செய்யும், முறுக்கவும் செய்யும். பசை விட்டுவிட்டால் துண்டு இரண்டாகும். நடுவே ஒரு கம்பியைக் கோத்து இறுக்கினால் போதாதா என்று தோன்றும். குச்சியின் மைய அச்சு நான்கு கனசதுரங்கள் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது. அங்கே ஒரே கனசதுரம் மிஞ்சிய இடத்தில் கம்பிக்குச் சுற்றுச் சுவர் கிடையாது. இந்த முறையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

படுக்கைவாட்டு முதல் பார்வைக்கு நியாயமாகத் தெரியும். பள்ளம் மேலே இருக்கிறது, மேலேயிருந்து வெட்டுகிறோம். ஆனால் நன்கு ஆழமாக வெட்டிய ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள்: கீழ் வரிசை முழுதாக இருக்கிறது, மேல் வரிசையில் நடு நான்கு இடமும் காலி. படுக்கையாக நறுக்கினால் கீழே மூன்று முழுப் பட்டைகள் வரும், சரி. மேலே மூன்று அடுக்குகளுக்கும் இரு முனையிலும் தனித்தனிக் குட்டித் துண்டுகள், ஆக ஆறு. அவற்றைச் சரியான இடத்தில், சரியான கோணத்தில் ஒட்ட வேண்டும். அரை மி.மீ நகர்ந்தாலும் பள்ளத்தின் அகலம் மாறிவிடும். எந்தத் துண்டிலும் மேல் வரிசையில் ஒரு முழு வெட்டு இருந்தாலே அந்த அடுக்கு உடைந்துவிடும். பர் துண்டுகளில் அது மிகச் சாதாரணம்.

அதே துண்டைப் பக்கவாட்டில் நறுக்கினால் என்ன வருகிறது? தட்டையான ப வடிவம் போல ஒரே உருவம், அதுவும் ஆறு அடுக்கும் அச்சு மாறாமல் ஒன்றேபோல். அடுக்கி ஒட்டினால் முடிந்தது. பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் லேசர் வெட்டே முடிவு செய்துவிடுகிறது. ஒட்டும் கைக்கு அதில் பங்கில்லை. கழுத்தும் பலமாக இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு அடுக்கும் முனையிலிருந்து முனை வரை முறியாமல் ஓடுகிறது. அகலத்தில் பாதி மட்டும் வெட்டிய துண்டானால் இடப்பக்க மூன்று அடுக்குகளுக்கு ஓர் உருவம், வலப்பக்க மூன்றுக்கு வேறோர் உருவம். எவ்வளவு சிக்கலான துண்டானாலும் இரண்டு உருவங்களுக்கு மேல் வரையத் தேவையில்லை.

உள்மூலைகளும் இந்த முறையில்தான் சுத்தமாக வரும். இடப்பக்கப் பள்ளத்தின் உள் சுவராக இருப்பது வலப்பக்க அடுக்கின் பலகைப் பரப்பே. அது தொழிற்சாலையிலிருந்து வந்த சமமான பரப்பு. லேசர் வெட்டும் மூலையில் ஒளிக்கற்றையின் பருமனுக்கேற்ப மிகச் சிறிய வளைவு இருக்கும். இரண்டு அடுக்குகள் சேரும் மூலையில் அதுகூட இல்லை.

பக்கவாட்டு நறுக்கிலும் அடுக்கு உடையும் சந்தர்ப்பங்கள் உண்டு. கீழ் வரிசையின் நடுவிலும் அதற்கு நேர் மேலேயும் ஒரே பக்கத்தில் வெட்டு இருந்தால் அந்தப் பக்க உருவம் இரண்டாகும். மறுபக்கம்தான் துண்டைத் தாங்கி நிற்கும். எப்போதாவது மேலே ஒரு கனசதுரம் அந்தரத்தில் தனித்து நிற்பதும் உண்டு. இப்படிப்பட்ட அடுக்குகளுக்கு வரைபடத்திலேயே 2 மி.மீ அகலத்தில் ஒரு தற்காலிகப் பாலம் விட்டு வெட்டுங்கள். ஒட்டிப் பசை காய்ந்த பிறகு, கூரான கத்தியால் பாலத்தை எடுத்துவிடலாம். கனசதுரம் இடம் மாறாமல் இருக்கும்.

ஒட்டாமலே செய்யும் வழி

பக்கவாட்டு முறையைப் பாராட்டிய கையோடு, பசையே வேண்டாத ஒரு வழியையும் சொல்ல வேண்டும். பலகைப் பர் என்ற வகையில் குச்சிகளுக்குப் பதிலாகத் தட்டையான ஆறு பலகைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அலகு தடிமன்தான். ஓரங்களிலும் நடுவிலும் வெட்டுகள். அவை வழியாகப் பலகைகள் ஒன்றையொன்று கடந்து பூட்டிக்கொள்ளும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் டி ஃப்ரூக்ட் இந்த வகையில் நிறைய வடிவமைத்தவர். பல நகர்வுகள் கேட்கிற கடினமான புதிர்களும் இதில் உண்டு.

லேசருக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை. ஒரே பலகை, ஒரே வெட்டு, ஆறே துண்டுகள். பிழை வரக்கூடிய இடமும் ஒன்றே: பள்ளத்தின் அகலம் பலகையின் தடிமனுக்குப் பொருந்துகிறதா என்பது. பொருந்தாவிட்டால் அந்த ஓர் எண்ணை மாற்றி மறுபடி வெட்டினால் போதும்.

பிறகு ஏன் எல்லோரும் பலகைப் பரே செய்யக்கூடாது? கையில் எடுத்தால் கிடைக்கும் உணர்வு வேறு. குச்சிப் பர் ஒரு திடமான கட்டி. உள்ளே என்ன நடக்கிறது என்பதே தெரியாது. பலகைப் பரில் பாதி வழிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நல்ல புதிர்தான், ஆனால் அந்த ரகசியம் குறைவு. இயந்திரத்தை இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் பலகைப் பரில் தொடங்குங்கள். நீங்கள் ஆசைப்பட்டது அந்த மூடிய கட்டிதான் என்றால், பக்கவாட்டு அடுக்குக்கு நேராகவே வரலாம். நடுவே ஒரு படி தேவையில்லை.

தடிமன் என்ற பொறி

3 மி.மீ என்று எழுதியிருக்கும் பலகை 3 மி.மீ இருப்பது அபூர்வம். பிளைவுட் 2.7-உம் இருக்கலாம், 3.2-உம் இருக்கலாம். ஓர் அடுக்கில் 0.1 மி.மீ என்பது ஒன்றுமே இல்லை. ஆறு அடுக்கில் அது 0.6. இரண்டு குச்சிகள் இணையாகப் படுக்கும்போது 1.2 மி.மீ. அந்த இடைவெளியில் புதிர் கலகலவென்று ஆடும், அல்லது உள்ளேயே நுழையாது.

இங்கேதான் பக்கவாட்டு நறுக்கின் இன்னொரு லாபம். அடுக்கின் பிழை ஒரே ஒரு திசையில், அகலத்தில் மட்டும் சேர்கிறது. நீளமும் உயரமும் லேசரின் கையில். அவற்றை நாம் விரும்பியபடி மாற்றலாம். ஆகவே வரைபடத்துக்குப் பலகையைப் பொருத்தப் பார்க்காதீர்கள். பலகைக்கு வரைபடத்தைப் பொருத்துங்கள். வெட்டப்போகும் அதே பலகையிலிருந்து ஆறு சிறு சதுரங்களை வெட்டி, நிஜமாகவே பசை போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். 17.5 மி.மீ வந்தால் உங்கள் அலகு அதில் பாதி, 8.75. வரைபடத்தை அலகு என்ற ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் முழுதும் மாறும்படி அமைத்துக்கொண்டால் இது ஒரு நிமிட வேலை. குறுக்குவாட்டு நறுக்கில் இந்தச் சலுகை இல்லை; அங்கே பள்ளத்தின் அகலமே அடுக்குகளின் கூட்டுத்தொகை.

மெல்லிய பலகையா, தடித்த பலகையா? 6 மி.மீ பலகையில் ஓர் அலகுக்கு ஓர் அடுக்கு வைத்தால் மொத்தம் 12 உருவங்களே. ஒட்டும் வேலை வெகுவாகக் குறையும். ஆனால் லேசர் வெட்டு நேர்க்குத்தாக இறங்குவதில்லை. வெட்டின் அகலம் மேலே ஒன்றாகவும் அடியில் வேறாகவும் இருக்கும். பலகை தடிக்கத் தடிக்க அந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியும். சாய்ந்த சுவர்கள் உள்ள பள்ளத்தில் குச்சி ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் ஆடும். 3 மி.மீ-இல் சாய்வு குறைவு, அதுவும் அடுக்குக்கு அடுக்கு பிரிந்துவிடுகிறது. பாதி அடுக்குகளைக் கண்ணாடிப் பிம்பமாக வெட்டி, கவிழ்த்து ஒட்டினால் சாய்வுகள் ஒன்றுக்கொன்று எதிராக நின்று இன்னும் சமமாகும். 2 மி.மீ-க்குக் கீழே போவதில் பயனில்லை. அடுக்கும் பசையும் கூடும், அளவின் துல்லியம் குறையும். நான் 3 மி.மீ-இல் நிற்பேன். கொஞ்சம் பெரிய புதிர் வேண்டும் என்றால் 4 மி.மீ பலகையில் அலகுக்கு மூன்று அடுக்கு என்று 12 மி.மீ அலகுக்குப் போகலாம். கைக்கு நிறைவாக இருக்கும்.

எந்தப் பலகை

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வரலாம். அடுக்குமுறை தெரிந்துவிட்டதால், பலகையிடம் நாம் கேட்க வேண்டியவையும் தெளிவு: தடிமன் சீராக இருக்க வேண்டும், வெட்டிய ஓரம் வழவழப்பாகச் சறுக்க வேண்டும், ஒல்லியான கழுத்து முறியக்கூடாது. மூன்றும் ஒருசேர அமைந்த பலகை கிடையாது.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை தடிமனில் கெட்டிக்காரன். ஒரு பலகைக்குள் அளவு பெரிதாக மாறாது, வளைந்தும் இருக்காது. ஆனால் கழுத்து பலவீனம். நார்கள் எந்தத் திசையிலும் நீளமாக ஓடாததால் ஒல்லியான இடத்தில் நெம்பினால் முறியும். ஈரம் பட்டால் உப்பும். ஒருமுறை உப்பியது பழைய அளவுக்குத் திரும்பாது. அளவுகளைச் சரிபார்க்கும் முதல் மாதிரிக்கு இதைவிட நல்லது இல்லை. கடைசிப் புதிருக்கு நான் எடுக்க மாட்டேன்.

பிளைவுட் கழுத்துக்குப் பலம் கொடுக்கும். உட்தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் எந்தப் பக்கம் முறுக்கினாலும் தாங்கும். பிர்ச் பிளைவுட் என்றால் ஓரமும் ஓரளவு நன்றாக வெட்டுப்படும். சிக்கல்கள் மூன்று. தடிமன் ஒரே பலகையின் இரு முனைகளில்கூட மாறும். மெல்லிய பலகை வளைந்திருக்கும். வளைந்த இடத்தில் லேசரின் குவியம் தவறும். உள்ளே பசை கட்டிக்கொண்ட இடம் எங்காவது இருந்தால் அங்கே வெட்டு முழுதாக இறங்காது. அளந்து, நல்ல பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஆறு குச்சிகளின் அடுக்குகளையும் பலகையின் ஒரே பகுதியிலிருந்து வெட்டினால் முதல் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மரம் சார்ந்த எதை வெட்டினாலும் ஓரம் கரியும். பக்கவாட்டு அடுக்கில் ஒட்டும் பரப்பு கரியாத பரப்பு, அதனால் பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சறுக்கும் பரப்புகள் பாதிக்கு மேல் கரிந்த ஓரங்களே. கையில் கறுப்பு ஒட்டும், உரசும் சத்தமும் வரும். மெல்லிய உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி இரண்டு மூன்று இழுப்பு இழுத்தால் போய்விடும். அதில் அளவும் கொஞ்சம் குறையும் என்பதை முன்பே கணக்கில் வைத்திருங்கள்.

அக்ரிலிக் வேறு ரகம். வெட்டிய ஓரம் நெருப்பில் மெருகேற்றியது போலப் பளபளக்கும், கரி கிடையாது, ஈரத்துக்கு மரம் போல உப்பாது. ஒவ்வொரு துண்டையும் ஒரு நிறத்தில் செய்தால் பார்க்கவே ஆசையாக இருக்கும். வார்ப்பு அக்ரிலிக் லேசருக்கு நன்றாக ஒத்துழைக்கும், ஆனால் தடிமன் சீராக இருக்காது. உருளையில் இழுத்துச் செய்த அக்ரிலிக் தடிமனில் சீரானது, வெட்டும்போது ஓரம் சற்று உருகிக் கொழகொழக்கும். அடுக்குவதற்குச் சீரான தடிமன்தான் முக்கியம் என்பதால் இந்த ஓர் இடத்தில் நான் இரண்டாவதன் பக்கம். அக்ரிலிக்கின் பெரிய அபாயம் கூரான உள்மூலை. அது உடையக்கூடிய பொருள். விரிசல் எப்போதும் மூலையில்தான் தொடங்கும். ஒரே கனசதுரக் கழுத்துள்ள துண்டு இருக்கும் புதிரை அக்ரிலிக்கில் செய்ய வேண்டாம். கீழே விழுந்தால் போய்விடும். லேசர் பட்ட ஓரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலும் நுண்விரிசல் படரும். சோப்பு நீரே போதும்.

அக்ரிலிக் என்று நினைத்து பி.வி.சி பலகையை மட்டும் லேசருக்குள் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் கலந்த புகை நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். பெயர் தெரியாத பிளாஸ்டிக் பலகை என்றால் வெட்டாமல் விடுவதே சரி.

நல்ல மரத்தை 3 மி.மீ-க்கு இழைத்து வெட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அழகுக்கு அதுவே முதல். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் இழை நீளவாட்டில் ஓட வேண்டும், மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டும் கைவந்தவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

பசையும் மூங்கில் குச்சியும்

பசையில் என் தேர்வு மரத்துக்கு வெள்ளை மரப்பசை, அக்ரிலிக்குக் கரைப்பான். கரைப்பான் தண்ணீர் போல இருக்கும். அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் தொட்டால் இடுக்குக்குள் தானே ஓடிப் பரவி, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். தடிமன் கூடுவதில்லை. காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். உடனடிப் பசை வேகமானது, ஆனால் ஒருமுறை கோணலாக உட்கார்ந்தால் திருத்த நேரம் தராது, பளபளப்பான பரப்பில் வெண்படலமும் விடும். இரட்டைப் பக்க ஒட்டுத்தாள் வேண்டாம். தடிமனைக் கூட்டும், நாளாவட்டத்தில் அடுக்கு மெல்ல நகரும்.

அடுக்குகள் நேராக நிற்பதற்கு ஒரு எளிய உபாயம் இருக்கிறது. எந்தப் பர் குச்சியிலும் இரண்டு முனைகளும் வெட்டப்படுவதில்லை என்று பார்த்தோம். அந்த முனைகளில் ஒவ்வொன்றிலும் எல்லா அடுக்குகளுக்கும் ஒரே இடத்தில் ஒரு சிறு துளையை லேசரிலேயே போட்டுவிடுங்கள். துளைகளில் மூங்கில் குச்சியைக் கோத்து அடுக்கினால், பசை வழுக்கினாலும் அடுக்கு நகராது. துளை வெளியே தெரியக்கூடாது என்றால் இரண்டு கடைசி அடுக்குகளை மட்டும் துளையில்லாமல் வெட்டி, அவற்றை ஒரு எல் வடிவச் சட்டத்தில் அழுத்தி ஒட்டலாம். சட்டத்தையும் அதே பலகையில் வெட்டிக்கொள்ளலாம்; பசை ஒட்டாமல் இருக்க மெழுகுத்தாள் விரிக்க வேண்டும்.

பசையைக் குறைவாகப் போடுங்கள், ஓரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். பிதுங்கிய பசை உள்மூலையில் காய்ந்துவிட்டால், நாம் லேசருக்கு வந்ததே எந்த மூலைக்காகவோ அந்த மூலை அடைபட்டுவிடும். கிளாம்ப் போட்ட உடனே ஒரு பல்குத்தும் குச்சியால் எல்லா உள்மூலைகளையும் வழித்தெடுங்கள்.

எவ்வளவு லூஸ்?

லேசர் தன் வழியில் கொஞ்சம் பொருளைத் தின்றுவிடும். மெல்லிய பலகையில் அந்த வெட்டு அகலம் பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ வரை. உங்கள் இயந்திரத்தில், உங்கள் பலகையில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க, 20 மி.மீ பக்கமுள்ள பத்துச் சதுரங்களை வெட்டி, வரிசையாக நெருக்கி வைத்து அளங்கள். 200-க்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் பத்தால் வகுத்தால் வெட்டு அகலம்.

0.15 மி.மீ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். எந்தத் திருத்தமும் செய்யாமல் வெட்டினால் 18 மி.மீ உயரக் குச்சி 17.85 ஆகும், 18 மி.மீ பள்ளம் 18.15 ஆகும். இடைவெளி 0.3. இது சற்று லூஸ். வெட்டுக்கோட்டை வெட்டு அகலத்தில் பாதிக்கு வெளியே தள்ளி வரைந்தால் இடைவெளி பூஜ்யம். அப்படியும் புதிர் நகராது. நடுவே 0.1 முதல் 0.2 வரை எங்காவது நிற்பது நல்லது. கரியை உப்புத்தாளால் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 0.1 பக்கம், எடுக்காவிட்டால் 0.2 பக்கம். அடுக்கின் அகலத்தில் லேசர் எதையும் தின்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்தத் திசைக்கு வேண்டிய இடைவெளியை அலகு எண்ணில்தான் சேர்க்க வேண்டும்: அடுக்கு 17.5 என்றால் அலகை 8.75-க்குப் பதிலாக 8.82 என்று எடுத்துக்கொள்வது போல.

லூஸாக இருப்பது டைட்டாக இருப்பதைவிடப் பரவாயில்லை என்று ஓர் எண்ணம் உண்டு. எளிய பரில் அது சரி. நிலை உயர்ந்த பரில் அது புதிரையே கெடுக்கும். வடிவமைப்பாளர் நேர்க்கோட்டு நகர்வுகளை மட்டும் எண்ணியிருப்பார். துண்டுகள் தளர்ந்திருந்தால் ஒன்றைச் சாய்த்து, திருகி, குறுக்கு வழியில் வெளியே எடுத்துவிடலாம். பத்து நகர்வுப் புதிர் மூன்று நகர்வில் திறந்துகொள்ளும். சரியாக நகர்த்தினால் மட்டும் வழுக்கிச் செல்லும், தவறாக நகர்த்தினால் நிற்கும் என்ற அளவில் இருப்பதே நல்ல பர். சறுக்கும் பரப்புகளில் மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்தால், இறுக்கமாக வைத்த புதிரும் இணக்கமாக நகரும்.

எந்தப் புதிரை முதலில்

பர்டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆண்ட்ரியாஸ் ரோவர் எழுதியது. துண்டுகளைக் கனசதுரங்களாக வரைந்து கொடுத்தால், எத்தனை விதமாகச் சேரும், எந்த வரிசையில் பிரியும் என்று நகர்வு நகர்வாகக் காட்டும். பலகையை வெட்டுமுன் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்னொரு காரணத்துக்காகவும்: ஒவ்வொரு துண்டையும் திருப்பி வைத்து, எந்தப் பக்கமாக நறுக்கினால் அடுக்குகள் உடையாமல் வரும் என்று அதிலேயே கண்டுகொள்ளலாம். ஒரே புதிரில் ஐந்து துண்டுகளைப் பக்கவாட்டிலும் ஒன்றைப் படுக்கைவாட்டிலும் நறுக்குவதில் எந்தத் தவறும் இல்லை. வெட்டில்லாத முழுக்குச்சி இருக்கும் புதிரானால் அதை எப்படி நறுக்கினாலும் ஒன்றுதான்.

முதல் புதிருக்கு நிலை 1-ஐயும் எடுக்க வேண்டாம், 10-ஐயும் எடுக்க வேண்டாம். நிலை 1-க்கு லேசர் தேவையில்லை. 10-இல் உள்ளே வெற்றிடங்கள் அதிகம், துண்டுகள் பலமுறை முன்னும் பின்னும் போகும், அளவுப் பிழை ஒவ்வொரு நகர்விலும் தலைகாட்டும். பில் கட்லரின் பேஃப்லிங் பர் நிலை 5. அந்த அளவில் உள்ள ஒன்றை எடுத்து, முதலில் எம்.டி.எஃப்-இல் பக்கவாட்டு அடுக்காகச் செய்து அளவுகளைச் சரிபாருங்கள்; அப்புறம் பிளைவுட்டின் தடிமனை அளந்து, அலகை மாற்றி, அதே வரைபடத்தை மறுபடி வெட்டுங்கள். ஒட்டிய துண்டுகளின் வெளி விளிம்புகளை மட்டும் உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிடுங்கள். உள்ளே சந்திக்கும் விளிம்புகளைத் தொட வேண்டாம், துண்டுகள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்துவது அவற்றின் கூர்மையில்தான்.